பேராலயத்தில் உரக்கச் சொன்ன ஆமென்

ஆஷ்மின்ஸ்டர்,
19 அக்டோபர் 1994, புதன்கிழமை

அன்புள்ள ஹேசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீயும் கீத்தும் குழந்தையும் எந்த முழங்கால் தொல்லையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன், குழந்தைக்கு மேல்பல் வந்ததா என்று நீ எழுதவே இல்லை, எழுது. உன் கடிதம் போன வாரம் வந்தது. மே மாதம் வருகிறாய் என்று படித்துக் காட்டியதும் அப்பா தோட்டத்துக்குப் போய் அரைமணி நேரம் வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார், அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை போட்டிருந்தாய் பார், அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. நீ வரும்போது நானும் உன் பெரில் சித்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டுமாம், அதற்கு நானே நேரில் போய் அவளை அழைக்க வேண்டுமாம், அதுவும் இந்த மாதத்துக்குள், ஏனென்றால் மாதக் கடைசியோடு அவள் பேராலயத்தில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் வேலையை விடுகிறாள், அவளுக்கு உடம்பில் ஒன்று வந்திருக்கிறது, அது என்ன என்று அவள் வாயால் கேட்டுக்கொள் என்று எழுதியிருந்தாய். என் கூடப் பிறந்தவளுக்கு என்ன என்று உலகத்தின் அடியில் இருக்கும் உனக்குத் தெரியும், நான்கு தெரு தள்ளி இருக்கும் எனக்குத் தெரியாது. கோபத்தில் பாத்திரத் தொட்டியை இரண்டு முறை தேய்த்தேன்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தாய், அது தவறு. நாற்பத்திரண்டு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். காய்கறிக் கடையில் பார்த்தால் "மழை வரும் போல" என்பாள், "வந்தா வரட்டும்" என்பேன். கிறிஸ்துமஸுக்கு அவள் வாழ்த்து அட்டை வரும், நானும் ஒன்று அனுப்புவேன், அவளுடையதைவிட அரை அங்குலமாவது பெரிதாகப் பார்த்து வாங்கி. நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் என் பக்கத்தை ஒரு முறை எழுதிவிடுகிறேன். உன் தாத்தா மில் லேன் மெதடிஸ்ட் சிற்றாலயத்தின் மூத்த பொறுப்பாளர், மெழுகுவத்தி இல்லை, பட்டு அங்கி இல்லை, நான்கு சுவரும் ஒரு ஆர்மோனியமும் சத்தமான ஜெபமும்தான் நம் வழி. அவர் வீட்டுப் பெண் பெரில், பேராலயத்துப் பாடகர் குழுவில் அடிக்குரலில் உறுமிக்கொண்டிருந்த கிளைவைக் கட்டிக்கொள்ள, பிஷப் முன்னால் மண்டியிட்டு அவர் கையால் தலையில் ஆசி வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தாள். தாத்தா கல்யாணத்துக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. மணப்பெண் தோழியாக நிற்க எனக்குத் தைத்து வைத்திருந்த உடை என்ன ஆயிற்று என்று இன்றுவரை கேட்டதில்லை. கிளைவ் இறந்தபோதும் அடக்கம் பேராலயத்தில் என்பதால் உள்ளே போகவில்லை, எதிரே பேருந்து நிறுத்தத்தில் பையோடு நின்றேன், மூன்று பேருந்து வந்து போயிற்று, இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அறுபத்தெட்டு வருடம் இந்த ஊரில் அந்தக் கோபுரத்தின் நிழலில் துணி காயப் போட்டவள் நான், சந்தைக்குக் குறுக்குவழி அதன் வாசல் வழியாகத்தான், ஆனாலும் சுற்றித்தான் போவேன். நம் சிற்றாலயம் இன்று கம்பளக் கடையாக இருக்கிறது, பிரசங்க பீடம் நின்ற இடத்தில் குளியலறை விரிப்புகளை அடுக்கி வைத்திருக்கிறான், அவர்கள் கட்டடம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

சரி, மகள் சொல்லிவிட்டாளே என்று நேற்று மதியம் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அப்பா காரைப் பேராலய வாசலில் நிறுத்தி, "நான் இங்கயே பேப்பர் படிக்கிறேன், சண்டை வந்தா ரெண்டு தடவை இருமு" என்றார். கதவைத் தாண்டியதும் ஒரு மேசை, அதன் பின்னால் முத்துமாலை போட்ட ஒரு அம்மாள், பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. "ஜெபம் பண்ண வந்தீங்களா, சுத்திப் பாக்க வந்தீங்களா" என்று கேட்டாள். ஜெபிக்க வந்தவர்களுக்குப் பெட்டியில் போட வேண்டியதில்லையாம், ஓரத்தில் சின்னக் கதவு வழியாகப் போகலாமாம். நான் அங்கே போய் ஜெபிப்பேன் என்று அவள் நினைத்ததே எனக்கு அவமானமாக இருந்தது. "பாக்கத்தான்" என்று சொல்லி, ஒரு நோட்டை அவள் பார்க்கும்படி போட்டேன். உள்ளே இருந்த குளிரில் இறைச்சியை ஒரு வாரம் கெடாமல் வைக்கலாம், மணம் பாதி தரை மெழுகு, பாதி எலி. எங்கே பார்த்தாலும் பிஷப்புகள் கல்லாகப் படுத்திருக்கிறார்கள், கையைக் குவித்துக்கொண்டு, ஏதோ ஆயுள் முழுவதும் வேலை செய்து களைத்தவர்கள் போல. மேலே பட்டாளத்துக் கொடிகள், கந்தலாகி வலை போல் தொங்குகின்றன, நம் வீட்டுத் திரை அந்த நிலைக்கு வந்தால் நான் தெருவில் முகம் காட்ட மாட்டேன். மண்டியிட மெத்தை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் சீமாட்டிகள் பூப்போட்டுத் தைத்தது, ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் நூல் எல்லாம் சிக்கும் முடிச்சும். முன்பக்கம் மட்டும் அழகு, அந்தக் கட்டடம் முழுவதும் அப்படித்தான். நுழைந்த இடத்திலேயே கடை வேறு, பிஷப் படம் போட்ட, பாத்திரம் துடைக்கும் துணி விற்கிறார்கள், அந்த முகத்தால் என் கோப்பையைத் துடைக்க மாட்டேன்.

இரண்டரை மணிக்குச் சுற்றிக் காட்டும் கூட்டம் கிளம்பியது. ஒரு அமெரிக்கத் தம்பதி, பள்ளிக்கூட ஆசிரியைகள் போல இரண்டு பெண்கள், சைக்கிளில் வந்த ஒருவன், அரைக்கால் சட்டையும் தோள்வரை முடியுமாக, அப்புறம் நான். உன் சித்தி நீலப் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஒரு தூணை ஒட்டி நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, மற்றபடி அதே நிமிர்ந்த கழுத்து. நேராக என்னைப் பார்த்து, "வாங்க வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க, நான் கடிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு புருவம் அசையவில்லை. நாற்பத்திரண்டு வருடம் கழித்து அவள் வாசலில் வந்து நிற்கிறேன், ஊர் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி போல என்னைத் தாண்டிப் பார்க்கிறாள். அங்கேயே முடிவு செய்தேன், முதலில் அவள் பேசட்டும், அதுவரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது, ஹேசலுக்கு நான் போனேன், அவள் மதிக்கவில்லை என்று எழுதிவிடலாம்.

அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தூணையும் கையால் தொட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள், வீட்டுக்காரி அலமாரியைத் தடவுவது போல, எல்லாம் அவள் பாட்டன் சொத்து என்ற நினைப்பு. கல்லறைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, இது இன்ன பிஷப், இன்ன வருடம் என்று ஒப்பித்தாள். அமெரிக்கக்காரி ஒரு கல்லறையின் காலடியில் செதுக்கியிருந்த மிருகத்தைக் காட்டி, "இது நாயா, சிங்கமா" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எப்படித் தோணுதோ அதுதான்" என்று சிரித்தாள், பன்னிரண்டு வருடம் வழிகாட்டியாக இருந்து நாய் எது சிங்கம் எது என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் தரை துடைக்கிறவர்கள் வாளியை விட்டுப் போயிருந்தார்கள், அதில் இடறப் போனவளைச் சைக்கிள்காரன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். "ரொம்ப நன்றிம்மா" என்றாள் அவனிடம். அந்த முடிக்கு வேண்டியதுதான் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என் முட்டாள்தனத்தை இப்படி வரிசையாக எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது, நேற்று ஒன்றும் தெரியவில்லை.

கிழக்கே பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல் முன்னால் எல்லாரையும் நிறுத்தினாள். போர் வந்தபோது குண்டுக்குப் பயந்து இந்தக் கண்ணாடி முழுவதையும் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிகளில் வைத்து ஊருக்குள் ஒளித்தார்கள், எங்கே தெரியுமா என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. "மில் லேன்ல ஒரு மெதடிஸ்ட் சிற்றாலயம் இருந்துச்சு, அதோட நிலவறையில. சாவி எங்க அப்பா கையில. அவரு இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு நாளும் கால் வெச்சதில்ல, எங்களை எல்லாம் வேஷக்காரங்கன்னு சொல்லுவாரு. ஆனா ஆறு வருஷம் சனிக்கிழமை தவறாம கீழ போயி, பெட்டியில ஈரம் ஏறுதான்னு தடவிப் பாத்துட்டு வருவாரு" என்றாள். அவர் போனது உண்மை. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் வகுப்பு நடத்த இடம் இல்லாமல் இந்தக் குப்பையை நம் தலையில் கட்டினார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போவார், அதை அவள் சொல்லவில்லை. பிறகு ஜன்னலின் அடியில் இடது மூலையைக் காட்டினாள், அங்கே ஒரு நீலத் துண்டில் ஈயம் வைத்து ஒட்டின விரிசல் இருக்கிறது. "அதோ அது எங்க அப்பா கை தவறி உடைச்சது. போர் முடிஞ்சதும் அவரே உக்காந்து இங்க தலைமைக் குருவா இருந்த டீனுக்குக் கடிதம் எழுதினாரு, தப்பு என்னுதுன்னு" என்றாள், பெருமையாக. ஹேசல், அதை உடைத்தது நான். எனக்குப் பதினான்கு வயது, அந்தப் பெட்டிகளில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, உன் தாத்தாவின் சாவியை எடுத்துக்கொண்டு போய், நீலம் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன், நழுவிவிட்டது. தாத்தாவிடம் போய் அழுதேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை, பழியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். என்னை அவ்வளவு எளிதாக மன்னித்தவர் பெரிலைச் சாகும்வரை மன்னிக்கவில்லை, நான் அதைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கம் நின்றேன். அந்த ஜன்னல் முன்னால் நின்றபோதுதான் இதை முதல் முறையாக இப்படி நினைத்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த நேரம் மூன்று மணி அடித்தது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம், மணிக்கொரு தரம் ஒரு குருவானவர் பிரசங்க பீடத்தில் ஏறி, ஊர் பார்க்க வந்தவர்களை எல்லாம் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லி, எல்லாருமாகப் பரமண்டல ஜெபம் சொல்ல வைப்பது. நேற்று ஏறியவர் ஒல்லியாக, சளி பிடித்தவர் போல. ஆரம்பித்தார். பேராலயத்துக்காரர்கள் ஜெபிப்பதை நீ கேட்டதில்லை, உதட்டை விட்டு வெளியே வராது, அடுத்தவருக்குக் கேட்டுவிட்டால் அநாகரிகம் என்று நினைப்பு, தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு முனகல். நான் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு நின்றவள். ஆனால் அறுபது வருடப் பழக்கம் சத்தியத்தைக் கேட்குமா, முதல் சொல் காதில் விழுந்ததும் என் வாய் தானாகத் திறந்தது, மில் லேனில் எப்படிச் சொல்வோமோ அப்படியே, பின்வரிசைக் கிழவருக்கும் கேட்கிற மாதிரி. நாங்கள் பிறரை மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்ற வரி வந்ததும் உன் தாத்தா குரலை உயர்த்துவார், நானும் உயர்த்தினேன். சொன்னபடி அவர் நடந்தாரா என்று கேட்காதே, நான் நடந்தேனா என்றும் கேட்காதே. கடைசியில் ஆமென். அவர் அதைச் சொன்னால் மேசையில் உள்ளங்கையால் அடித்தது போல இருக்கும், எனக்கும் அப்படியே வந்துவிட்டது. அது கூரைக்குப் போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை எல்லார் தலையிலும் விழுந்தது. குருவானவர் புத்தகத்தைத் தவறவிட்டார், வாசலில் முத்துமாலை எழுந்து நின்றுவிட்டாள். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது.

உன் சித்தி குனிந்த தலையை நிமிர்த்தினாள். "அது மில் லேன் ஆமென். எங்க அப்பா செத்து முப்பது வருஷம் ஆச்சு. அப்ப அது எட்னாவாத்தான் இருக்கணும்" என்றாள், கூட்டத்தைப் பார்த்து. பிறகு அமெரிக்கக்காரியைப் பார்த்து, ஆசிரியைகளைப் பார்த்து, சைக்கிள்காரனைப் பார்த்து, "எங்க நிக்கிற, எட்னா" என்று கேட்டாள். நான் இரண்டு கை தூரத்தில், அவளுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன் ஹேசல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தூண், வாளி, நாயும் சிங்கமும் எல்லாம். ஏதாவது சொல்ல வேண்டும், எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான், "வெளியே மழை வரும் போல இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள், சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆராதனை நடுவில் சிரித்து உதை வாங்குவாளே, அந்தச் சிரிப்பு. "அதைச் சொல்ல இவ்வளவு தூரம் உள்ள வரணுமா" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் கூட்டத்தை விட்டுவிட்டு வரவில்லை, மிச்சம் இருந்த நான்கு பிஷப்புகளையும் காட்டி முடித்துவிட்டுத்தான் வந்தாள், அந்த விஷயத்தில் அவள் உன் தாத்தா மகள்தான். பிறகு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்துவிட்டதாம், ஒன்றரை வருடம் ஆகிறதாம், ஓரம் தெரியுமாம், நேராகப் பார்ப்பதுதான் தெரியாதாம், வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். "உன் தொப்பி தெரியுது, முகம் இல்ல. தொப்பி அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கோபமாகத்தான் கேட்டேன். "மழையைப் பத்திப் பேசுறப்ப நடுவுல இதை எங்க சொருகுறது" என்றாள். மே மாதம் நீ வருவதையும் நீ கேட்ட தேநீரையும் சொன்னேன். அதற்கு ஏழு மாதம் இருக்கிறது, அதுவரை என்ன செய்வதாம் என்றாள். அப்படியானால் இந்த ஞாயிறே வாயேன், இஞ்சி கேக் செய்கிறேன் என்றேன். "உன் இஞ்சி கேக்கா. கண்ணு போச்சு, பல்லையும் விடச் சொல்றியா" என்றாள், ஆனால் வருகிறாள், அப்பா போய் அழைத்து வருவார். சாப்பாட்டுக் கூடத்துக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தாள், பேராலயத்துக் கல் மிச்சத்தில் செய்தது, பாதியைக் கைப்பையில் போட்டு அப்பாவுக்குக் கொண்டு வந்தேன், அவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். கிளம்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. "பெரில், அந்த நீலக் கண்ணாடியை அப்பா உடைக்கல, நான்தான் உடைச்சேன்" என்றேன். பட்டையை மடித்துக்கொண்டே, "தெரியும். நான் நிலவறைப் படியில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். பன்னெண்டு வருஷமா செவ்வாய்க்கிழமைதோறும் உனக்காக இங்க பொய் சொல்றேன், அதுவும் தேவாலயத்துல" என்றாள். காரில் ஏறியதும் அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினார்.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு அந்தக் கட்டடம் பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. அவ்வளவு பெரிய இடத்தில் முழங்கால் மெத்தையை ஒழுங்காகத் தைக்க ஒருத்தி இல்லை, வாளியை எடுத்து வைக்க ஒருத்தன் இல்லை, ஒரு ஆமெனைத் தாங்க யாருக்கும் நெஞ்சு இல்லை. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுடைய கடைசிச் சுற்று, வாளிக்கு யாராவது காவல் இருக்க வேண்டும், அதனால் போகிறேன். பார்க்கவா ஜெபிக்கவா என்று அந்த முத்துமாலை மறுபடி கேட்டால், இரண்டும் இல்லை, தங்கையைக் கூட்டிப் போக வந்தேன் என்று சொல்லி ஒரு பென்னிகூடப் போடாமல் நுழையப் போகிறேன்.

குழந்தைக்குக் காலுறை பின்னி அனுப்புகிறேன், கீத்திடம் கூரையில் ஏறாதே என்று சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும் காத்துக்கொள்வாராக. ஒன்று மட்டும் மறக்காதே. மே மாதம் வந்து இறங்கியதும் சித்தி முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்காதே, அவளுக்கு உன் முகம் தெரியாது. அவள் பேசட்டும் என்று காத்திருக்காமல் நீ முதலில் பேசு. நம் குடும்பத்தில் அது யாருக்கும் எளிதாக வராது, இப்போதே பழகிக்கொள்.

உன் அன்பு அம்மா,
எட்னா